எறிவதும் பிடிப்பதும் தானாக வருவதில்லை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு படிக்கிறான். படிப்பில் குறையில்லை. ஆனால் பி.டி. பீரியட் வந்தால் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறானாம். தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடக் கூப்பிட்டாலும் போவதில்லை. 'எனக்கு விளையாட வராதும்மா' என்று சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்துக்கொள்கிறான். வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். விட்டுவிடலாமா, கோச்சிங்கில் சேர்க்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. 'வராது' என்று அவன் சொல்வதைச் சாக்காகக் கொள்ளாமல் உண்மையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுவது, நொண்டுவது, தாண்டுவது, பந்தை எறிவது, பிடிப்பது, உதைப்பது, மட்டையால் அடிப்பது, ஒற்றைக்காலில் தடுமாறாமல் நிற்பது போன்றவற்றை அடிப்படை இயக்கத் திறன்கள் என்கிறோம். உடல் வளர்ந்தால் இவையும் கூடவே வளர்ந்துவிடும் என்று நம் வீடுகளில் பலரும் நினைக்கிறார்கள். நடையும் ஓட்டமும் ஓரளவு அப்படி வரக்கூடும். ஆனால் எறிவதும் பிடிப்பதும் அடிப்பதும், எழுதப் பழகுவதைப் போல, ஒருவர் அருகிலிருந்து காட்டிக்கொடுத்து, பிள்ளை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தால் மட்டுமே கைகூடும். தெருவில் பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து பாண்டியும் கில்லியும் பச்சைக்குதிரையும் ஆடிய காலத்தில் இந்தப் பயிற்சி யாரும் திட்டமிடாமலே கிடைத்தது. இப்போது தெருவில் வாகனம், மாலையில் டியூஷன், பி.டி. பீரியடில் கணக்குப் பாடம் என்று ஆனபின், கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் போய்விட்டது.

ஒன்பது வயது என்று நீங்கள் எழுதியிருப்பது முக்கியமானது. ஆறு, ஏழு வயது வரை பிள்ளைகள் தம் திறமையை உள்ளதைவிட உயர்வாகவே எண்ணிக்கொள்வார்கள். பத்து முறை பந்தை நழுவவிட்டாலும் பதினோராவது முறை ஆசையோடு ஓடி வருவார்கள். எட்டு, ஒன்பது வயதில் மற்றவர்களோடு தம்மை ஒப்பிட்டுப் பார்க்கும் பக்குவம் வருகிறது. பின்தங்கியிருப்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிகிறது, வெட்கமும் வருகிறது. திறன் குறைவான பிள்ளை விளையாட்டைத் தவிர்க்கிறது, தவிர்ப்பதால் இன்னும் பின்தங்குகிறது, எடை கூடுகிறது, எடை கூடுவதால் ஓடியாடுவது மேலும் கடினமாகிறது. டேவிட் ஸ்டாடன் முதலிய ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் முன்வைத்த இந்த விளக்கத்துக்குப் பொருத்தமான பிள்ளைகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஆகவே செல்போனைப் பிடுங்கிவிட்டால் மைதானத்துக்கு ஓடிவிடுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் அவனுக்கு விளையாட வர வேண்டும்.

அதற்கு முன் இரண்டைச் சோதித்துக்கொள்ளுங்கள். பார்வைக் குறைபாடு இருந்தால் வரும் பந்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது என்பதால் கண் பரிசோதனை அவசியம். சட்டைப் பொத்தான் மாட்டுவது, ஷூ லேஸ் கட்டுவது, எழுதுவது ஆகியவற்றிலும் அவன் வயதுக்கு மீறித் தடுமாறினால், அது இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடாக இருக்கலாம். நூற்றில் ஐந்து, ஆறு பிள்ளைகளுக்கு அது உண்டு. அப்படியானால் குழந்தை மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் பார்த்து, முறையான பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

இவை இல்லையென்றால், பயிற்சியை நீங்களோ அவன் அப்பாவோ வீட்டு மொட்டை மாடியில், மற்றப் பிள்ளைகளின் கண்ணில் படாமல், தினமும் இருபது நிமிடம் கொடுத்தாலே போதும். பிடிப்பதற்குக் கிரிக்கெட் பந்தைக் கொடுக்காதீர்கள். அடிபடும் என்ற பயத்தில் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வான். பலூனில் தொடங்கி, பெரிய மிருதுவான பந்து, பிறகு டென்னிஸ் பந்து என்று மெதுவாக மாற்றுங்கள். தொலைவையும் இரண்டடி, நான்கடி என்று கூட்டுங்கள். எறியும்போது, வலது கைக்காரன் என்றால், பக்கவாட்டில் திரும்பி நின்று இடது காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி எறியச் சொல்லுங்கள். எறிய வராத பிள்ளைகள் பெரும்பாலும் எறியும் கைப் பக்கத்துக் காலையே முன்வைக்கிறார்கள், அல்லது காலை அசைப்பதே இல்லை. இதை மட்டும் திருத்தினாலே பந்து எட்டும் தூரம் வெகுவாக மாறிவிடும். ஸ்கிப்பிங் கயிறும் தரையில் சாக்பீஸால் வரைந்த பாண்டிக் கட்டமும் தாண்டுவதற்கும் நிலைபெறுவதற்கும் போதுமானவை. தவறும்போது கடிந்துகொள்ளாதீர்கள், தம்பியோடோ பக்கத்து வீட்டுப் பையனோடோ ஒப்பிடவே வேண்டாம்.

கோச்சிங் பிறகு போதும். அதுவும் ஒரே விளையாட்டில் பூட்டிவிடுவதை நான் விரும்பமாட்டேன். பதினைந்து, பதினாறு வயது வரை பல விளையாட்டுகளையும் ஆடவிட்டு, அதன் பின் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே நல்லது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரையும்கூட.

கேள்வி: எட்டாம் வகுப்பு வரை என் மகள் பள்ளிக் கோகோ அணியில் இருந்தாள். பெரியவளான பிறகு, குதிக்கவும் ஓடவும் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. காலை ஐந்தரைக்கே டியூஷன், இரவு பதினொன்றரைக்குப் படுக்கிறாள், எப்போதும் களைப்பு என்கிறாள். அவளை மறுபடியும் விளையாட அனுப்பலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: கட்டாயம் அனுப்புங்கள். பூப்படைந்த பெண் ஓடினால், குதித்தால் கருப்பைக்குக் கேடு வரும் என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. மாதவிடாய் நாட்களில்கூட, அவளுக்கு முடிந்த அளவு விளையாடலாம். உடலியக்கம் பலருக்கு வயிற்றுவலியைக் குறைக்கவே செய்கிறது.

நிறுத்தியதால் வரும் கேடுதான் உண்மையானது. உடல் மிக வேகமாக வளரும் பருவத்தைச் சுற்றிய இரண்டே ஆண்டுகளில், பெரியவர்களான பின் எலும்பில் இருக்கக்கூடிய தாதுச்சத்தின் ஏறத்தாழ கால் பங்கு சேர்ந்துவிடுகிறது என்று கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது. பெண் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகள் பூப்படையும் காலத்தை ஒட்டியே வருகின்றன. எலும்பு உறுதிப்பட, கால் தரையில் அழுந்தி மோத வேண்டும். கோகோவும் ஸ்கிப்பிங்கும் அதைச் சிறப்பாகச் செய்கின்றன. அந்த வயதில் பிள்ளையை உட்காரவைப்பது, ஐம்பது வயதுக்கு மேல் அவளுடைய இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் காக்கக்கூடிய சேமிப்பைக் குறைப்பதாகும். உங்கள் வீட்டில் மட்டும் இப்படி நடக்கவில்லை: உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளின் தகவல்களைத் திரட்டியபோது, 2016ஆம் ஆண்டில் 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 விழுக்காட்டினரும் ஆண்களில் 78 விழுக்காட்டினரும், நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் என்ற அளவுக்கு இயங்கவில்லை.

களைப்புக்கு இரண்டு காரணங்களைத் தேடுங்கள். முதலாவது இரத்தசோகை. இந்தியாவில் 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், வளரிளம் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு அது இருந்தது. ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பையிலேயே வைத்திருக்கிறாளா என்று அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது தூக்கம். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். நீங்கள் எழுதிய கணக்குப்படி அவளுக்கு ஆறு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. விடியற்காலை டியூஷனை மாலைக்கு மாற்ற முடியாதென்றால் நிறுத்திவிடுவதே மேல் என்று நான் சொல்வேன். தூக்கம் குறைந்த பிள்ளைக்குப் படித்தது மனத்தில் தங்காது.

கேள்வி: பன்னிரண்டு வயதான என் பேரன் ஒல்லியாக இருக்கிறான். உடற்பயிற்சி செய்தால் இருக்கிற சதையும் கரைந்துவிடாதா?
- வாசகர், சேலம்

பதில்: கரையாது ஐயா, தசை கூடும். ஒல்லியான உடலில் கொழுப்பு இருக்காது என்றும் எண்ண வேண்டாம். புனே அருகில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் அளந்த கிராமப்புறக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரியாகச் சுமார் 2.7 கிலோ இருந்தார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் நம் குழந்தைகள் அந்த அளவுக்குக் குறையவில்லை, குறைந்தது தசைதான். பிற்காலச் சர்க்கரை நோய்க்கு இந்த உடல்வாகு ஒரு காரணமாகலாம் என்பதால், ஒல்லிப் பிள்ளைக்கும் ஓட்டமும், வாரம் மூன்று நாளாவது தண்டால், கயிறு ஏறுதல் போன்ற வலுப்பயிற்சியும் வேண்டும். கூடவே பருப்பு, முட்டை, சுண்டல், பால் தாருங்கள். முறையாகச் செய்யும் வலுப்பயிற்சியால் உயரம் நின்றுவிடாது.

கேள்வி: பத்து மாதக் குழந்தையை வாக்கரில் உட்காரவைத்தால் சீக்கிரம் நடக்குமா?
- வாசகி, மதுரை

பதில்: நடக்காது, தாமதமாகவும் கூடும். சக்கரம் வைத்த, உட்காரும் வாக்கரில் குழந்தை நுனிக்காலால் உந்திப் பழகுகிறது, தன் எடையைத் தாங்கி நிற்கப் பழகுவதில்லை. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்தும் உண்டு. கனடா 2004ஆம் ஆண்டிலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு வகை. அதைக் குழந்தை நின்றுகொண்டு தள்ளுகிறது. பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு, பெரியவர் அருகிலிருக்க, அதைக் கொடுக்கலாம். அதுவரை சுத்தமான தரையில் தவழவும், கட்டிலைப் பிடித்து எழவும் விடுங்கள். பதினெட்டு மாதம் முடிந்தும் தானாக நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.