எழுந்து நின்ற பதின்மூன்று பேர்

வணக்கம் தம்பி,

பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எழுதுவதையெல்லாம் பத்தொன்பது வயதுப் பேத்திதான் போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கத் தருவாள். போன மாதம், சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டது போதும், நாம் அனுப்பிய ஆள் நாடாளுமன்றத்தில் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று பாருங்கள் என எழுதியிருந்தீர்கள். எல்லா ஓட்டும் நாடாளுமன்ற நடவடிக்கைப் பதிவான ஹன்சார்டில் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தீர்கள்.

நான் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் செக்ரோல், அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவேடு, எழுதிய கிராணி. பேர் தேடுவது எனக்கு ஒன்றும் புதிதல்ல. பேத்தியை உட்கார வைத்து, கட்டாயத் தூக்குத் தண்டனையை நீக்கிய சட்டத்தைத் தேடச் சொன்னேன். எங்கள் பழைய லயத்துப் பையன் ஒருவன் அந்தத் தண்டனையோடு பல வருடம் உள்ளே இருந்தான், அதனால். பக்கம் பக்கமாகப் பேச்சு இருக்கிறது. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று ஒரு பட்டியலும் இல்லை. எங்களுக்குத் தேடத் தெரியவில்லையா, இல்லை நீங்கள் பார்க்காமலே எழுதிவிட்டீர்களா?

இன்னொன்று. என் அப்பா கூட்டணியின் கப்பல் சின்னத்துக்குப் போட்டார். நான் தேசிய முன்னணியின் தராசுக்குப் போட்டேன். என் அக்காவின் சிவப்பு ஐசியை (அடையாள அட்டை) குடிமக்களுக்கான நீல ஐசியாக மாற்றிக் கொடுத்தவர் கட்சியின் கிளைத் தலைவர். ஐந்து தடவை ஈப்போவுக்கு அவரே கூட்டிப் போனார். 2008-இல் மாற்றிப் போட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்சி விசுவாசம் என்று நீங்கள் கிண்டலாக எழுதியதைப் படித்தபோது கஷ்டமாக இருந்தது. நன்றி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பெயர் போட வேண்டாம். ஊர் சின்னது.

*

அன்புள்ள ஐயா,

நீங்கள் சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள். தப்பு என்மேல்.

அந்த மசோதா மக்களவையில் 2023 ஏப்ரல் 3 அன்று குரல் ஓட்டில் நிறைவேறியது. சபாநாயகர் கேட்பார், ஆதரிக்கிறவர்கள் ஒரு சத்தம், எதிர்க்கிறவர்கள் ஒரு சத்தம், எது பெரிது என்று காதால் கேட்டு அவர் முடிவு சொல்வார். ஹன்சார்டில் ஏறுவது வழக்கமான ஒரு வரிதான்: 'மசாலா டிகெமுக்கா பாகி டிபுத்துஸ்கான், டான் டிசெதுஜுக்கான்.' கேள்வி முடிவுக்கு விடப்பட்டது, ஏற்கப்பட்டது என்று பொருள். தமிழில் எழுதினால் அரைத்த மசாலா மாதிரி தெரிகிறது. உள்ளே எது கலந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதால் பொருத்தம்தான். உயிர் போகிற விஷயம், ஒரு பேரும் இல்லை. நம் மலேசியாவில் பெரும்பாலான சட்டங்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன. அதை யோசிக்காமல் 'எல்லா ஓட்டும்' என்று எழுதிவிட்டேன்.

உங்களுக்கு இது உடனே புரியும். ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் ஐம்பது பேர் நின்று, 'எல்லாரும் இருக்கோம் சார்' என்று ஒரே குரலில் கத்தினால் செக்ரோலில் யாருக்குப் பேர் போடுவீர்கள்?

பேர் எழுதியே ஆக வேண்டிய நேரங்களும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தைத் திருத்துவதென்றால் மொத்த 222 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 பேர் ஆதரிக்க வேண்டும். காதை வைத்து 148 எண்ண முடியாதே. வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆகி, உங்கள் பேத்தி பத்தொன்பது வயதில் வாக்காளர் பட்டியலில் இருப்பதே அப்படி எண்ணப்பட்ட ஓட்டால்தான்: 2019 ஜூலை 16, ஆதரவு 211. அன்றைய ஹன்சார்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

மற்ற மசோதாக்களுக்கு, குரல் ஓட்டு போதாது, எண்ணுங்கள் என்று கேட்டு குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் மணி அடிக்கும், வெளியே இருப்பவர்கள் ஓடி வருவார்கள், தலை எண்ணுவார்கள், பேர் ஏறும். மலாயில் 'பெலா பஹாகியான்' என்பார்கள். தேடும்போது இந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் வேலை பாதி குறையும்.

இதில் ஒரு நாளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 நவம்பர் 26. கோவிட் காலம். அப்போதைய பிரதமர் முஹிடின் அரசாங்கத்தின் 2021 வரவு செலவுத் திட்டம் கொள்கை நிலையில், அதாவது விவரங்களை அலசுவதற்கு முந்தைய கட்டத்தில், ஓட்டுக்கு வருகிறது. அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்று நாடே காத்திருந்தது. ஒட்டுக்கடையில் தே குடிக்கிறவர்கூட 111, 112 என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குரல் ஓட்டு எடுத்தார்கள். எண்ணச் சொல்லி எழுந்தவர்கள் 13 பேர். இரண்டு பேர் குறைவு. எதிர்க்கட்சி வரிசைகளில் நூறு பேருக்குமேல் உட்கார்ந்திருந்த காலம் அது. விவரங்களை அலசும் குழு நிலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எதிர்க்கட்சித் தலைமை பிறகு விளக்கம் சொன்னது. ஆக, அன்று யார் எந்தப் பக்கம் என்பதற்குப் பதிவு இல்லை. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 15 அன்று, கடைசிக் கட்டமான மூன்றாம் வாசிப்பில் எண்ணினார்கள். ஆதரவு 111, எதிர்ப்பு 108, வராதவர் ஒருவர். எல்லாப் பேரும் இருக்கிறது.

நான் அன்று நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் தலையைக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் கட்டுரையை இப்போது எழுதினால் 'எதற்கு ஓட்டுப் போட்டார்' என்பதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். தன் பேர் பதிவாக வேண்டும் என்று எழுந்து நிற்கிற ஆளா, கூட்டத்தின் சத்தத்தில் ஒளிந்துகொள்கிற ஆளா என்பதை முதலில் பார்க்கச் சொல்வேன். அந்தப் பதின்மூன்று பேரில் எனக்குப் பிடிக்காத கட்சிக்காரர்களும் இருந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்குத்தான் பேர் போடுவேன்.

பட்டியல் கிடைத்தாலும் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 2019 ஏப்ரல் 9 அன்று சபா, சரவாக்கின் தகுதி பற்றிய அரசமைப்புத் திருத்தம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 138. பத்து ஓட்டுக் குறைந்ததால் தோற்றது. 59 பேர் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. பட்டியலை மட்டும் பார்த்தால், கடமையைச் செய்யாதவர்கள் என்று திட்டத் தோன்றும். பேச்சையும் படித்தால், வாசகம் போதாது, சபா, சரவாக்கைச் சேர்த்து நாடு உருவான 1963 மலேசிய ஒப்பந்தம் அதில் தெளிவாக வர வேண்டும் என்று அவர்கள் வாதாடியது தெரியும். 2021 டிசம்பர் 14 அன்று விரிவான வாசகத்தோடு வந்த திருத்தத்துக்கு ஆதரவு 199. அவர்கள் சொன்ன காரணம் உண்மையா சாக்கா என்று என்னிடம் ஓர் அபிப்பிராயம் உண்டு. நீங்கள் படித்துவிட்டு உங்கள் முடிவுக்கு வாருங்கள். வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்தவரைப் பார்த்து, 'ஏழைகளுக்கான உதவித்தொகையை எதிர்த்தார்' என்று மேடையில் முழங்குவார்கள். அதையும் நம்ப வேண்டாம். அந்த ஓட்டு ஆட்சி நிலைக்குமா என்பதைப் பற்றியது.

வருகைப் பட்டியலும் ஹன்சார்டிலேயே இருக்கிறது, வந்தவர், வராதவர் என்று. ஆனால் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு எட்டு மணிக்குப் பால்மரக் காட்டுக்குள் படுத்துத் தூங்கியவர்களை என்னைவிட உங்களுக்குத்தான் நிறையத் தெரியும்.

சரி, நன்றிக்கு வருகிறேன். கிண்டல் தொனி இருந்தது உண்மை. மன்னியுங்கள்.

தோட்டத்தில் இருந்தவனுக்கு அரசாங்கம் என்றால் துரை, கிராணி, அப்புறம் கட்சிக் கிளைத் தலைவர். இந்த மூன்று பேரைத் தாண்டி ஒரு அலுவலகத்துக்குள் போக அவனுக்கு வழி தெரியாது, மொழியும் தெரியாது. உங்கள் அக்காவின் ஐசியும் என் அப்பாவின் பிறப்புப் பத்திரமும் அப்படித்தான் வந்தன. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் நம்மவர்கள் வீதிக்கு வந்த காலத்தில், துன் சம்பந்தன் ஊர் ஊராகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் உங்கள் தொகுதிக்காரர். உங்கள் அப்பா கப்பலுக்குப் போட்டதைச் சின்ன மோகம் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்கு வருவேன். செய்த வேலையைப் பார்த்துத்தான் அவர் போட்டிருக்கிறார்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. 1959 முதல் 2008 வரை சுங்கை சிப்புட்டுக்கு இரண்டே உறுப்பினர்கள், மலேசிய இந்தியர் காங்கிரஸ் (மஇகா) தலைவர்களான சம்பந்தனும் சாமிவேலுவும். முதல் ஆளுக்குப் பட்ட நன்றியை அடுத்த ஆள் பரம்பரைச் சொத்து மாதிரி எடுத்துக்கொண்டார், நாமும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அந்தக் கிளைத் தலைவர் ஈப்போவுக்கு ஐந்து தடவை வந்ததற்கு நீங்கள் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு நின்றிருப்பீர்கள். அந்தக் கணக்கு அவரோடு. இன்று வேட்பாளராக வந்து நிற்கிறவர் உங்கள் அக்காவைப் பார்த்ததுகூடக் கிடையாது.

ஆனால் 2008-இல் நாம் சின்னத்தை விட்டு ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை 2018-இல் போயிற்று. டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் பிஎஸ்எம் (மலேசிய சோசலிசக் கட்சி) கட்சிக்காரர். ஆனால் 2008-இலும் 2013-இலும் நின்று ஜெயித்தது கெஅடிலான் என்ற வேறு கட்சியின் சின்னத்தில். எதிர்க்கட்சி உறுப்பினருக்குத் தொகுதி மானியம் மறுக்கப்படுவதை எதிர்த்து நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார், பலிக்கவில்லை. பத்து வருடத்தில் அவர் கேட்ட கேள்விகள் ஹன்சார்டில் கிடக்கின்றன. 2018-இல் தன் சொந்தக் கட்சியின் முஷ்டிச் சின்னத்தில் நின்றார். அதே ஆள், அதே ஊர். வைப்புத்தொகையே போயிற்று. அவருடைய அரசியலில் எனக்கு ஒப்பாதது நிறைய உண்டு, இது அவருக்கான பிரசாரம் இல்லை. அந்த வருடம் ஆட்சியை மாற்ற வேண்டும் என்று மக்கள் நினைத்தார்கள். நம் முறையில் உறுப்பினருக்குப் போடும் ஓட்டுத்தான் பிரதமருக்கும் போகிறது. சின்னத்தைப் பார்த்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு நாள் அப்படிப் பார்க்கலாம். மற்ற நாட்களிலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் வம்பு.

'கட்சி சொன்னபடிதான் ஓட்டுப் போட முடியும், நான் என்ன செய்ய' என்பார்கள். பாதி உண்மை. 2009-இல் நம் பேராக்கில் மூன்று தவளைகள், அதாவது கட்சி மாறிய சட்டமன்ற உறுப்பினர்கள், தாவியதில் மாநில ஆட்சியே கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் நாம், அதனால் 2022 அக்டோபர் 5-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடப்புக்கு வந்தபோது கை தட்டினோம். கட்சியை விட்டுப் போனால் இடம் காலி. ஆனால் ஒரு மசோதாவில் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போடுவது கட்சியை விட்டுப் போவதாகாது. கட்சி வெளியேற்றினால்கூட இடம் போகாது. பிரதமரை ஆதரித்த, எதிர்க்கட்சியான பெர்சத்துவின் ஆறு உறுப்பினர்களின் இடம் காலியாகவில்லை என்று சபாநாயகர் ஜொஹாரி அப்துல் 2024 ஜூலையில் சொன்னதும் நினைவிருக்கும். அடுத்த தேர்தலில் சீட்டுக் கிடைக்காது என்ற பயம்தான் அவர்களைக் கட்டிப்போடுகிறது. அதை ஒப்புக்கொண்டால் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் மரியாதையாவது வரும்.

சட்டமன்றம் இன்னும் வேடிக்கை. 2020 டிசம்பர் 4 அன்று பேராக் மந்திரி பெசார்மேல் (மாநில முதலமைச்சர்) நம்பிக்கை ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாதது 1. ஐம்பத்தொன்பது மக்கள் பிரதிநிதிகளில் ஒருவருக்கு ஓட்டைச் செல்லும்படி போடத் தெரியவில்லை, அல்லது போட மனமில்லை.

நகராண்மைக் கழகத்துக்கு வந்தால் உங்கள் கேள்வியே செல்லாது. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, 1976-இன் ஊராட்சிச் சட்டம் அதை முடித்தே வைத்தது. கவுன்சிலர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது, கட்சிகள் பங்கு பிரித்துக்கொள்கின்றன. ஆனால் அதே சட்டத்தின்படி கழகக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. முன்பு குடியிருந்த ஊரில் (ஊர் வேண்டாம்) எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு வருடமாக அடைத்துக்கிடந்த சாக்கடைக்காக நான் ஒரு தடவை போனேன். வாசலில் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். பொதுமக்கள் யாரும் வந்து அவர் பார்த்ததில்லை போல. ஒரு வழியாகப் பின்வரிசையில் உட்கார விட்டார்கள். நாற்பது நிமிடத்தில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக முடிந்தது. எங்கள் பகுதிக் கவுன்சிலர் வாயே திறக்கவில்லை. தீபாவளிக்கு அவர் படம் ஒட்டிய ஹாம்பர், பரிசுக்கூடை, வந்தது. சாக்கடை அப்படியே இருந்தது. பிஸ்கட் நன்றாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பேத்தியிடம் நாடாளுமன்றத் தளத்தில் 2020 டிசம்பர் 15 ஹன்சார்டைத் திறக்கச் சொல்லுங்கள். உறுப்பினர் பேருக்குப் பக்கத்தில் தொகுதிப் பேர் இருக்கும், சுங்கை சிப்புட் எந்தப் பட்டியலில் என்று பாருங்கள். அப்புறம் கோயில் திருவிழாவிலோ சாவு வீட்டிலோ உங்கள் உறுப்பினரைப் பார்க்கும்போது, எண்ணச் சொல்லிக் கடைசியாக எந்த மசோதாவுக்கு எழுந்து நின்றார் என்று கேளுங்கள்.

போன மாதக் கட்டுரையில் 'எல்லா ஓட்டும்' என்று இருந்ததை 'எண்ணப்பட்ட ஓட்டு' என்று இன்று திருத்திவிட்டேன். பேத்தியிடம் சொல்லிவிடுங்கள்.