இடிமழையில் மூச்சு இழுப்பு: அலட்சியம் வேண்டாம்

மகளுக்குத் தும்மல் வருடா வருடம் முன்கூட்டியே தொடங்குகிறது, இடிமழை அன்று மூச்சு இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலாவது உங்கள் பிரமை இல்லை. வட அமெரிக்காவில் 1990-க்கும் 2018-க்கும் இடையில் மகரந்தக் காலம், அதாவது தும்மல் தரும் மகரந்தத் தூள் காற்றில் பறக்கும் காலம், சுமார் 20 நாள் முன்கூட்டியே தொடங்கும்படி மாறியிருக்கிறது. வெப்பம் கூடியதே முக்கியக் காரணம்.

எனக்குக் கவலை தருவது அந்த இடிமழைதான். முழு மகரந்தத் துகள் பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். இடிமழையின் ஈரம் பட்டு அது வெடித்து நுண்பொடியானால், அந்தப் பொடி நுரையீரல் வரை போய்விடும். 2016 நவம்பரில் மெல்பர்னில் இப்படித்தான் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள்.

இடி வருகிறது என்றால் ஜன்னலைச் சாத்தி, அவளை உள்ளேயே வைத்திருங்கள். அப்புறம், ஆஸ்துமாவா என்று மருத்துவரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள். மூச்சு இழுப்பதை வெறும் அலர்ஜி என்று விடாதீர்கள்.