மீட்டர் 65 என்கிறது, கணக்கு 882 என்கிறது!

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகன் பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றின் மின்தடையைக் கணக்குப் போட்டான், 882 ஓம் வந்தது. வீட்டிலிருந்த மல்டிமீட்டரைப் பல்பின் அடியில் வைத்துப் பார்த்தால் 65 ஓம்தான் காட்டுகிறது. கணக்கு தப்பா, மீட்டர் தப்பா ஐயா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: இரண்டுமே தப்பில்லை அம்மா. முதலில் தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டுங்கள், பாதிப் பேர் விடை வந்ததும் நோட்டை மூடிவிடுவார்கள், மீட்டரை யார் எடுக்கிறார்கள்?

அவன் போட்ட கணக்கு இதுதான். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஆகவே 60 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 0.26 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், 230ஐ அந்த ஆம்பியரால் வகுத்தால் 882 ஓம் (தசமத்தை வெட்டிவிட்டு வெறும் 0.26 என்று போட்டால் கொஞ்சம் கூட வரும்). குறுக்குவழியும் உண்டு: 230ஐ 230ஆல் பெருக்கினால் 52,900, அதை வாட்டால் வகுத்தால் நேரே ஓம் வந்துவிடும்.

ஆனால் பல்பில் போட்டிருக்கும் 60 வாட் என்பது அது எரியும்போது உள்ள கதை. எரியும்போது உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,500 டிகிரி சூட்டில் இருக்கிறது. உலோகம் சூடேறினால் மின்தடையும் ஏறும், இங்கே பதின்மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. மேஜைமேல் சும்மா கிடக்கும் பல்பைத்தான் மீட்டர் அளந்தது, அது ஆறிய இழை, அதற்கு 65 ஓம் சரிதான். ஓம் விதியை ஒப்பிக்கும்போது எல்லோரும் ‘மாறா வெப்பநிலையில்’ என்று ஆரம்பித்து வேகமாக அடுத்த வார்த்தைக்கு ஓடிவிடுகிறோம் இல்லையா, உங்கள் பையன் தடுக்கி விழுந்தது அந்த இரண்டு வார்த்தையில்தான்.

இதில் இன்னொன்றும் புரியும். சுவிட்ச் போடும் அந்தக் கணத்தில் இழை இன்னும் ஆறித்தான் இருக்கிறது, 230ஐ 65ஆல் வகுங்கள், மூன்றரை ஆம்பியர்! கண் இமைப்பதற்குள் அடங்கிவிடும், ஆனாலும் குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்சைத் தட்டும்போதே ‘டப்’ என்று போவது இதனால்தான்.

அடுத்து 1000 வாட் அயர்ன் பாக்ஸை அளக்கச் சொல்லுங்கள், கட்டாயம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழை முழுச் சூட்டில் திருப்பி வைத்துக்கொண்டு. கணக்கில் 52.9 ஓம், மீட்டரிலும் அதையொட்டித்தான் வரும். அதன் காயில் நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கலவை), சூட்டில் அதன் மின்தடை சில சதவீதத்துக்குமேல் நகராது.

கேள்வி: எங்கள் ஊரில் சாயங்காலமானால் 180 வோல்ட்தான். வோல்டேஜ் குறைந்தால் எல்லாமே அதிக ஆம்பியர் இழுக்கும், பில் எகிறும் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். உண்மையா?
– வாசகர், உடுமலை

பதில்: ‘எல்லாமே’ என்பதுதான் தப்பு. மேலே சொன்ன அயர்ன் பாக்ஸையே எடுத்துக்கொள்வோம். 1000ஐ 180ஆல் வகுத்து ஐந்தரை ஆம்பியர் என்று சொல்லத் தோன்றும், உங்கள் எலக்ட்ரீஷியனும் அப்படித்தான் போட்டிருப்பார். அயர்ன் பாக்ஸுக்கு 1000 வாட் என்பது நிலையானது இல்லை, 52.9 ஓம்தான் நிலையானது. 180ஐ அதால் வகுத்தால் 3.4 ஆம்பியர், பெருக்கினால் சுமார் 612 வாட். வோல்டேஜ் கால்வாசிகூடக் குறையவில்லை, சூடு ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. சட்டை மடிப்பு நிமிர நேரமாகும், அவ்வளவுதான்.

மோட்டார் வேறு ஜாதி. கிணற்று மோட்டார் அதே தண்ணீரை அதே உயரத்துக்குத் தள்ளியாக வேண்டும், வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டித்தான் ஈடுகட்டும். காயிலில் உண்டாகும் சூடோ ஆம்பியரின் வர்க்கப்படி ஏறும், ஆம்பியர் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டே கால் மடங்கு. காயில் கருகுவது இப்படித்தான், அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி.

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினேன், பிளக் உருகிவிட்டது. வயர் நன்றாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: என் வீட்டிலும் ஒருமுறை நடந்தது, நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. 2000 வாட் அடுப்பு என்றால் 8.7 ஆம்பியர். பிளக் முள் லூசாகி அந்த இடத்தில் வெறும் அரை ஓம் இருந்தாலும், 8.7ஐ 8.7ஆல் பெருக்கி அரையால் பெருக்குங்கள், 38 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்டில் ஈயத்தை உருக்குகிறது, பிளாஸ்டிக் எம்மாத்திரம்! அடுப்பைச் சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே மாட்டுங்கள்.

கேள்வி: பழைய சோக் வைத்த 40 வாட் டியூப்லைட், மீட்டரில் 0.43 ஆம்பியர். 230ஆல் பெருக்கினால் 99 வாட் வருகிறதே? ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. சோக் இருந்தால் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை, ஆம்பியர் பின்தங்கும். அதனால் பெருக்கி வரும் 99ஐ வோல்ட்-ஆம்பியர் என்றுதான் சொல்ல வேண்டும், வாட் என்று சொல்லக்கூடாது. உண்மையில் செலவாவது சோக்கின் சூட்டையும் சேர்த்து 50 வாட் சொச்சம், வீட்டு மீட்டரில் யூனிட்டாக ஓடுவதும் அதுதான்.