பழைய கேம் டிஸ்க் வாங்கி விற்கும் கடை இனி ஓடுமா?

மார்த்தாண்டத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கடையில பாதி இடம் சும்மா கிடக்கு அண்ணே. பிஎஸ்4, பிஎஸ்5 பழைய டிஸ்க் வாங்கி விக்கலாம்னு நினைக்கேன். மச்சான் துபாய்ல இருக்கான், லீவுக்கு வரும்போது அங்க இருந்து கொண்டு வருவான். மூணு லட்சம் போடலாம்னு இருக்கேன். ஆனா பயலுவ எல்லாம் டவுன்லோடுதானே பண்ணுறானுவ, இது ஓடுமா? டிஸ்க்கை வாடகைக்கு விடலாமா? ஆன்லைன்ல கேம் அக்கவுண்ட் விக்கிறாங்களே, அதையும் சேர்த்துச் செய்யலாமா?" (பிஎஸ்4, பிஎஸ்5 என்பவை சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோல்கள், டிவியோடு இணைத்து கேம் ஆடும் பெட்டிகள்.)

தம்பி, மூணு லட்சத்தை டிஸ்க்கில் போடாதீர்கள். நாற்பது, ஐம்பதாயிரத்தில் தொடங்கலாம், அதுவும் உங்கள் சர்வீஸ் வேலையோடு சேர்ந்து ஓடும் பக்கத் தொழிலாக மட்டும். வாடகை வேண்டாம். அக்கவுண்ட் விற்பனை வேண்டவே வேண்டாம். ஏன் என்பதுதான் முக்கியம், அது புரிந்தால் நாளைக்குச் சந்தை மாறும்போது நீங்களே முடிவெடுத்துக்கொள்வீர்கள்.

வாங்க ஆள் இருக்காது என்றுதான் நீங்கள் பயப்படுகிறீர்கள். ஆள் இருக்கும். புது பிஎஸ்5 கேம் ஒன்று ஐந்தாயிரம் ரூபாய் அளவில் நிற்கும்போது, நாகர்கோவிலிலோ தக்கலையிலோ கல்லூரியில் படிக்கிற பையன் இரண்டாயிரத்துக்குப் பழைய டிஸ்க் வாங்கி, ஆடி முடித்துவிட்டு ஆயிரத்து நானூறுக்குத் திருப்பிக் கொடுத்தால், அவனுக்கு அந்த கேம் அறுநூறு ரூபாயோடு முடிகிறது. பிளேஸ்டேஷனின் ஆன்லைன் ஸ்டோரில் டவுன்லோடு செய்தவன் தள்ளுபடியில் வாங்கினாலும் திருப்பி வருவது பூஜ்யம். இந்தக் கணக்கு தெரிந்த பையன்கள் நம் மாவட்டத்தில் நிறையவே இருக்கிறார்கள்.

அடி விழுவது சரக்கு வரத்தில். உங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு பழைய டிஸ்க்கும் யாரோ ஒருவர் எப்போதோ புதிதாக வாங்கிய டிஸ்க். அவர் அன்றைக்கு டவுன்லோடு செய்திருந்தால் அந்த டிஸ்க் உங்கள் மேசைக்கு வரவே போவதில்லை. பிஎஸ்4, பிஎஸ்5 முழு கேம் விற்பனையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்போது டவுன்லோடுதான் என்று சோனியின் சொந்தக் கணக்கே சொல்கிறது. அப்படியானால் நாளைய பழைய சரக்கு இன்றைக்கே சுருங்கிவிட்டது. புது டிஸ்க் விற்கும் கடைக்கு இந்த அடி உடனே தெரியும், பழைய டிஸ்க் கடைக்கு ஓரிரு வருடம் தள்ளித்தான் தெரியும். அந்த இடைவெளியைப் பார்த்து "தொழில் நன்றாகத்தானே போகிறது" என்று சரக்கைக் குவித்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கம்ப்யூட்டர் கேமில் இது முன்பே நடந்து முடிந்த கதை. வால்வ் நிறுவனம் 2003இல் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையைத் தொடங்கியது. 2004 நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப் 2 கேமைக் கடையில் டிஸ்க்காக வாங்கினாலும் ஸ்டீம் அக்கவுண்டோடு இணைத்தால்தான் ஆட முடியும் என்று வைத்தார்கள். இணைத்த பிறகு அந்த டிஸ்க்கை அடுத்தவருக்குக் கொடுத்து என்ன பயன்? அதே வழியில் மற்றவர்களும் போனார்கள், பழைய பிசி கேம் என்ற சந்தையே கரைந்துபோனது. அதனால் பிசி டிஸ்க் யாராவது கொண்டுவந்தால் இலவசமாகக்கூட வாங்காதீர்கள், அலமாரியில் இடம்தான் போகும்.

கன்சோலில் நேராகத் தடை போடப் பார்த்தபோது எதிர்ப்பு வந்தது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்த மைக்ரோசாஃப்ட், பழைய கேம்களுக்குக் கட்டுப்பாடும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையச் சரிபார்ப்பும் உண்டு என்று சொல்லி, ஆட்கள் கொதித்தெழுந்ததும் ஜூன் மாதமே பின்வாங்கியது. அப்புறம் நடந்ததைப் பாருங்கள். சட்டம் போட்டுத் தடுக்க முடியாததை டிஸ்க் போடும் ஓட்டையை எடுத்துவிட்டுச் சாதித்துவிட்டார்கள். 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிரைவ் கிடையாது, பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனிலும் கிடையாது. 2024இல் வந்த பிஎஸ்5 ப்ரோவிலும் டிரைவ் இல்லை, தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்ட வேண்டும். இதில் எனக்குக் கோபம் உண்டு. டிரைவ் இல்லாத கன்சோல் விலை குறைவு என்று வாங்குகிற குடும்பம், அந்த மிச்சத்தை விட அதிகமாக அடுத்த இரண்டு வருடத்தில் ஸ்டோருக்குக் கட்டிவிடும், அதை விற்பவர் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் கடைக்குத்தான் ஆள் திரும்பி வருவார்கள்.

ஆகவே கடைக்கு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது "உங்க கன்சோல்ல டிரைவ் இருக்கா?" என்பது. 2023 இறுதியில் வந்த மெலிந்த பிஎஸ்5 டிஜிட்டல் மாடலில் டிரைவைப் பின்னால் வாங்கி மாட்டலாம். மாட்டியபின் முதல் தடவை இணையத்தில் இணைத்துப் பதிவு செய்ய வேண்டும். 2020இல் வந்த பழைய பெரிய டிஜிட்டல் எடிஷனில் அது முடியாது. இது தெரியாமல் டிரைவ் வாங்கி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாடகைக்கு விடலாமா என்று கேட்டீர்கள், அதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பதிப்புரிமைச் சட்டம் 109ஆம் பிரிவு, வாங்கிய பிரதியை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்கிறது. டவுன்லோடுக்கு அது உதவாது, ஏனென்றால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது உரிமம் மட்டும். ஐரோப்பாவில் டவுன்லோடு கேமையும் விற்க விட வேண்டும் என்று வால்வ் மீது பிரான்ஸ் நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டு 2019இல் பாரிஸ் நீதிமன்றத்தில் வென்றது. 2022இல் மேல்முறையீட்டில் அது தோற்றது, 2024இல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், விற்பது உரிமம்தான் என்று டிஜிட்டல் கடைகள் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கணினி நிரலை விற்கும் உரிமையையும் வணிக வாடகைக்கு விடும் உரிமையையும் உரிமையாளருக்குத் தருகிறது. "முன்பே விற்கப்பட்ட பிரதியாக இருந்தாலும்" என்று பொருள்படும் வரி அதில் இருந்தது, 1999 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வரி இல்லாத இடத்தில்தான் பழைய அசல் டிஸ்க் விற்பனை நிற்கிறது. வாடகைக்கு அந்த நிழல் கிடையாது. ஊரில் நாலு பேர் விடுகிறார்கள் என்பதற்காக நீங்களும் போர்டு எழுதி வைக்காதீர்கள்.

சரி, விலைக்கு வருவோம். காசு போவதும் வருவதும் இங்கேதான். பழைய டிஸ்க்கின் விலையைத் தீர்மானிப்பது பிளேஸ்டேஷன் ஸ்டோரின் தள்ளுபடி. ஸ்டோரில் ஒரு கேம் 1,499க்கு வந்துவிட்டால் உங்கள் டிஸ்க்கை 1,500க்கு ஒருவரும் வாங்க மாட்டார், 1,000 அல்லது 1,100 தான் கேட்பார், நீங்கள் அதை 900க்கு வாங்கி வைத்திருந்தால் கை பிசைய வேண்டியதுதான். இதனால் ஒவ்வொரு டிஸ்க்கையும் விலை பேசும் முன் ஸ்டோரைத் திறந்து இன்றைய விலையைப் பாருங்கள். அதன் முந்தைய தள்ளுபடி விலை தெரிந்தால் அதையும் பாருங்கள், அந்த அடிமட்ட விலையில் பாதிக்கு மேல் கொடுத்து வாங்காதீர்கள். பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற கட்டணச் சந்தாவின் உயர்ந்த அடுக்குகளில் ஒரு கேம் சேர்க்கப்பட்டால் அதன் பழைய டிஸ்க் அந்த வாரமே இறங்கும், சந்தா வைத்திருப்பவனுக்கு அது கிட்டத்தட்ட இலவசம். வருடா வருடம் வரும் கால்பந்து கேம் இன்னும் மோசம், புதுப் பதிப்பு வந்த மறுநாள் பழையது யாருக்கும் வேண்டாம். ஆகஸ்டுக்குப் பிறகு அதைத் தொடாதீர்கள். கதை உள்ள, ஒற்றை ஆள் ஆடும் பெரிய கேம்கள்தான் விலை மெதுவாக இறங்கும், அவைதான் உங்கள் சரக்கு.

துபாய் சரக்கு நல்ல யோசனைதான், ஆனால் அதிலும் சில விஷயம் உண்டு. பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டில் வாங்கினாலும் நம்மூர் கன்சோலில் ஓடும். ஆனால் கூடுதலாக ஸ்டோரில் வாங்கும் பகுதிகள் அந்த டிஸ்க்கின் பிராந்தியத்தோடு பொருந்த வேண்டும். உறையில் வயது எண் 12, 16, 18 என்று இருந்தால் ஐரோப்பியப் பதிப்பு, டி, எம் என்று எழுத்து இருந்தால் அமெரிக்கப் பதிப்பு. அமெரிக்க டிஸ்க்கோடு இந்திய அக்கவுண்டில் வாங்கிய கூடுதல் பகுதி சேராது. வளைகுடாவில் இரண்டும் கலந்து கிடைக்கும், அரபு உறை போட்டதும் கிடைக்கும். மச்சானிடம் உறையின் முன்பக்கமும் முதுகும் தெரிய வாட்ஸாப்பில் படம் அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகு வாங்கச் சொல்லுங்கள். இன்னொன்று, விற்பனைக்கான சரக்கைச் சொந்தச் சாமான் என்று விமான நிலையத்தில் கொண்டுவர முடியாது. பெட்டி நிறைய ஒரே மாதிரி டிஸ்க் இருந்தால் சுங்க அதிகாரி கேட்பார், மச்சானுக்குத்தான் அலைச்சல்.

டிஸ்க்கை வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் ப்ளூரே வகை, அதில் தகவல் இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது. மேலே கடினமான பூச்சு உண்டு, சின்னக் கோடு விழாது, ஆனால் ஆழமாக ஒரு கோடு விழுந்துவிட்டால் பழைய சிடி, டிவிடியைத் தேய்த்துச் சரி செய்தது போல இதைச் செய்ய முடியாது. கன்சோலில் போட்டு இன்ஸ்டால் முழுதாக முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 போன்றவை பிஎஸ்4இல் இரண்டு டிஸ்க்காக வந்தவை, ஒன்று இன்ஸ்டால் செய்ய, இன்னொன்று ஆட. ஒரு டிஸ்க் மட்டும் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள். பெட்டிக்குள் டிஸ்க்குக்குப் பதிலாக டவுன்லோடு குறியீடு மட்டும் இருக்கும் பதிப்புகளும் உண்டு, அது ஒருமுறை பயன்படுத்தியதும் வெறும் அட்டை. சர்வர் இல்லாமல் ஓடாத கேமையும் தள்ளி வையுங்கள். யூபிசாஃப்ட் தன் தி க்ரூ கேமின் சர்வரை 2024 மார்ச் கடைசியில் நிறுத்தியது, அன்றோடு கையில் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அது ஆட முடியாத வட்டாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்றவரே தூரத்திலிருந்து அணைத்துவிடுவது அநியாயம், இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கார்டுகள் வந்தால் கவனம். சில கார்டுகளில் கேம் இல்லை, சாவி மட்டும்தான், முழுக் கேமையும் டவுன்லோடு செய்ய வேண்டும். கார்டை மறுபடி விற்கலாம், ஆனால் வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 100 ஜிபி கேமை 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும் நம்மூரில் அது சின்ன விஷயம் இல்லை.

அக்கவுண்ட் விற்பனை என்பது ஒரே அக்கவுண்டில் கேமை வாங்கி, அதன் கடவுச்சொல்லை நாலைந்து பேருக்கு விற்பது. நிறுவனங்களின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. அக்கவுண்ட் முடக்கப்பட்டாலோ, விற்றவன் கடவுச்சொல்லை மாற்றினாலோ பையன் உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்பான். டெலிகிராமில் விற்கிறவனுக்கு முகம் இல்லை, உங்களுக்குப் பெயர் எழுதின போர்டும் வாடகைக் கடையும் இருக்கிறது.

இப்போது உங்கள் மூணு லட்சம். உங்களுக்கு மைக்ரோ சால்டரிங், அதாவது போர்டில் நுண்ணிய பாகங்களைப் பற்றவைக்கும் வேலை, தெரியும் என்றால் கையில் இருப்பது டிஸ்க்கை விடப் பெரிய தொழில். கன்சோலில் அடிக்கடி உடைவது டிவி கேபிள் செருகும் எச்டிஎம்ஐ போர்ட். கண்ட்ரோலரில் ஸ்டிக் தானாக நகரும் கோளாறு எல்லாக் கம்பெனியிலும் உண்டு, அதற்குக் காந்த உணரி வைத்த மாற்று ஸ்டிக் இப்போது கிடைக்கிறது. குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்திலிருந்து வரும் கன்சோலில் உப்புக்காற்றில் போர்ட் துருப்பிடித்திருக்கும், விசிறியில் தூசி அடைத்திருக்கும். பிஎஸ்5இல் சிப் மேல் இருப்பது திரவ உலோகம், அதை மொபைல் மாதிரி திறந்து பேஸ்ட் பூசிவிடாதீர்கள், பழகாமல் தொட்டால் போர்டே போகும். அதைத் தனியாகக் கற்றுக்கொண்டு செய்யுங்கள். எல்லாரும் டவுன்லோடுக்கே மாறினாலும் கன்சோலும் கண்ட்ரோலரும் உடையும், அந்த வருமானத்தை எந்த ஸ்டோரும் பறிக்க முடியாது. கருவிகளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஒரு லட்சம் வைத்துக்கொண்டு, டிஸ்க்குக்குச் சொன்ன தொகையும் போக மீதியைத் தொடாமல் வங்கியில் போடுங்கள்.

டிஸ்க்கை மாற்றுத் திட்டமாக நடத்துங்கள். ஒன்றைக் கொடுத்து, வித்தியாசத்தைக் கட்டி இன்னொன்றை எடுத்துப் போகட்டும். காசு குறைவாகப் புரளும், சரக்கு தேங்காது. ஆறு வாரத்தில் நகராத டிஸ்க்கை நஷ்டத்துக்காவது தள்ளிவிடுங்கள். வாங்கும்போது விற்பவரின் அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் வாங்கி வையுங்கள், திருட்டுப் பொருள் வந்து சேர்ந்தால் அதுதான் உங்களைக் காப்பாற்றும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பழைய பொருளுக்கு லாபத்தின் மேல் மட்டும் வரி கட்டும் முறை ஒன்று உண்டு, ஆடிட்டரிடம் 32(5) விதி என்று சொல்லிக் கேளுங்கள்.

டிசம்பரில் வளைகுடாக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவார்கள், பிள்ளைகளுக்குக் கன்சோலும் வாங்குவார்கள். அதே நேரத்தில்தான் ஸ்டோரிலும் பெரிய தள்ளுபடி ஓடும். நவம்பரில் வந்து விற்பவர்களிடம் அந்தத் தள்ளுபடியைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள், கிறிஸ்துமஸ் வாரத்துக்குள் கையில் இருப்பதை விற்று முடித்துவிடுங்கள்.