டெல்லி சுற்றிப் பார்க்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிக்கூட லீவு நெருங்கினால் டெல்லிப் பயணம் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பாதிக்கு மேல் ஒரே ரகம்தான்: இத்தனை நாளில் எத்தனை இடம் பார்த்து முடிக்கலாம்? எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒவ்வோர் இடத்திலும் இருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள் என்பதே என் யோசனை. கீழே உள்ள பதில்களையும் அதை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு மூன்று நாள் டெல்லியில் தங்குகிறோம். அப்பாவுக்கு மூட்டுவலி. எதை எந்த நாளில் வைத்துக்கொள்வது?
– வாசகி, திருச்சி

முதலில் உங்கள் மூன்று நாளில் திங்கட்கிழமை வருகிறதா என்று பாருங்கள். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், காந்தி ஸ்மிருதி (காந்தி சுடப்பட்ட வீடு) எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் அன்றைக்கும் திறந்திருக்கும். எனவே திங்கள் வந்தால் அதை இந்த இரண்டுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது திசை. காலையில் செங்கோட்டை, மதியம் குதுப், சாயங்காலம் அக்ஷர்தாம் என்று போட்டால் நாள் முழுக்க டிராஃபிக்கில்தான் கழியும். பழைய டெல்லிக்கு ஒரு நாள்: செங்கோட்டை, ஜாமா மசூதி, சாந்தினி சௌக். மெட்ரோவின் வயலட் லைனில் லால் கிலா, ஜாமா மஸ்ஜித் என்று அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்கள் இருக்கின்றன. நடு டெல்லிக்கு ஒரு நாள்: காந்தி ஸ்மிருதி, ரயில் அருங்காட்சியகம், சாயங்காலம் இந்தியா கேட்டும் தேசியப் போர் நினைவகமும். தெற்குக்கு ஒரு நாள்: குதுப், ஹுமாயூன் கல்லறை.

அப்பா விஷயத்தில் கவனம் வேண்டியது ஜாமா மசூதியில். படிகள் உயரம், ஏறியதும் செருப்பைக் கழற்ற வேண்டும், வெயில் நேரத்தில் முற்றத்துக் கல் காலைப் பொசுக்கிவிடும். காலையிலேயே போய்விடுங்கள், ஆளுக்கொரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும். ஹுமாயூன் கல்லறையின் மேடைக்கு ஏறும் படிகளும் செங்குத்தானவை. அவருக்கு முடியாவிட்டால் பக்கத்திலேயே இருக்கும் சுந்தர் நர்சரியில் மர நிழலில் உட்கார்ந்திருக்கட்டும். 2018-ல் சீரமைத்துத் திறந்த அருமையான பூங்கா அது. குதுப் வளாகம் பெரும்பாலும் சமதரை, அவருக்குத் தொந்தரவு இருக்காது.

தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. வயதைக் காட்ட ஆதார் நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது? எங்களுக்கு மே மாதம்தான் லீவு கிடைக்கும்.
– வாசகர், சேலம்

பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் அருமையான காலம். அடுத்தபடியாக அக்டோபர். நவம்பரில் காற்று மாசு கூடிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்கப் பனிமூட்டம். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக்காக இந்தியா கேட் பக்கமும் பல கட்டுப்பாடுகள் இருக்கும்.

மே மாதம் வெயில் 45 டிகிரி வரை போகும். வேறு வழியில்லை என்றால், நினைவுச்சின்னங்களைக் காலை ஒன்பது மணிக்குள் பார்த்துவிடுங்கள். பதினொன்றிலிருந்து நான்கு வரை அருங்காட்சியகம் அல்லது அறை. தேசிய அருங்காட்சியகத்தின் ஹரப்பா பகுதிக்கே ஒரு மதியம் போதாது. மொகஞ்சதாரோவின் ‘நடன மங்கை’ வெண்கலச் சிலையைப் பாடப்புத்தகத்தில் பார்த்துப் பெரிதாக நினைத்திருப்போம். உண்மையில் அது 10.5 செ.மீ. உயரம்தான். இடுப்பில் ஊன்றிய கை, மற்றொரு கை நிறைய வளையல்கள் என்று கிட்டப்போய்ப் பார்த்தால் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள்.

செங்கோட்டைக்குப் போய் வந்தவர்கள் “உள்ளே ஒன்றுமே இல்லை” என்கிறார்கள். போகலாமா, விட்டுவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

உள்ளே வெறிச்சென்று இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஷாஜகான் 1639-ல் தொடங்கி 1648-ல் முடித்த அரண்மனையின் பெரும்பகுதியை 1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் ராணுவக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். இன்று புல்வெளிக்கு நடுவே தனித்தனியாக நிற்கும் மண்டபங்கள் தப்பிப் பிழைத்தவை. அழகு மட்டும் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம் இருக்கும்.

ஆனால் வரலாற்றுக்காகப் போனால் இதற்கு ஈடு கிடையாது. கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜாஃபரை 1858-ல் குற்றவாளியாக நிறுத்தி விசாரித்தது அவருடைய முன்னோர்கள் தர்பார் நடத்திய இதே கோட்டைக்குள்தான். 1945-ல் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான வழக்கு விசாரணையும் இங்கேதான் நடந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். பழைய ராணுவக் கட்டடம் ஒன்றில் நேதாஜி அருங்காட்சியகம் 2019 முதல் இருக்கிறது. தமிழர்கள் அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஹுமாயூன் கல்லறைக்கு என் வாக்கு. 1572 வாக்கில் முடிந்த கட்டடம் அது. நான்கு பகுதியாகப் பிரித்த தோட்டம், நடுவே உயர்ந்த மேடை, அதன்மேல் வெள்ளைப் பளிங்குக் குவிமாடம். இதே அமைப்புதான் பின்னாளில் தாஜ்மகாலில் முழுமை பெற்றது. நுழைந்ததும் வலப்பக்கம் இருக்கும் இஸா கானின் எண்கோணக் கல்லறையை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அது ஹுமாயூன் கல்லறைக்கும் முந்தியது, 1547-ம் வருடத்தது.

குதுப் மினாரில் மேலே ஏற முடியுமா? இரும்புத்தூண் துருப்பிடிக்காது என்பது உண்மையா?
– பிளஸ் டூ மாணவி, மதுரை

ஏற முடியாது. 1981-ல் உள்ளே நெரிசலில் சிக்கிப் பள்ளிக் குழந்தைகள் உட்பட 45 பேர் இறந்தார்கள். அதிலிருந்து மக்களை உள்ளே விடுவதில்லை. 72.5 மீட்டர் உயரத்தைக் கீழிருந்தே அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். கீழ்த்தளங்களில் சிவப்புக் கல், மேல் தளங்களில் வெண்பளிங்கு கலந்திருப்பதைக் கவனியுங்கள். மின்னல் தாக்கிச் சேதமானதும் ஃபிரோஸ் ஷா துக்ளக் 1369-ல் உச்சியைத் திருத்திக் கட்டினார். அதனால் வந்த வித்தியாசம் அது.

இரும்புத்தூண் விஷயம் உண்மை. சுமார் 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்தது, வயது 1,600 ஆண்டுகளுக்குப் பக்கம். அந்தக் காலத்து முறையில் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாகத் தங்கிவிட்டது. அது மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகக் காரணமாகி, துருவை உள்ளே இறங்கவிடாமல் தடுக்கிறது. இதை விரிவாக ஆராய்ந்து விளக்கியவர் கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம். தூணில் முதுகைச் சாய்த்து நின்று, கைகளைப் பின்னால் வளைத்துக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்று ஆயிரக்கணக்கானோர் உரசி உரசித் தேய்த்ததால் 1997-ல் வேலி போட்டுவிட்டார்கள்.

தூணுக்கு எதிரே மசூதியின் தூண் வரிசை இருக்கிறது. பழைய கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஒரு தூணின் அருகே நின்று பாருங்கள்: சங்கிலியில் தொங்கும் மணி, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரியும்படி செதுக்கப்பட்டிருக்கும். நம் ஊர்க் கோயில் மண்டபத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடும்.

நேரம் இருந்தால் அடுத்துள்ள மெஹரோலி தொல்லியல் பூங்காவுக்கும் நடந்துவிடுங்கள். கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறு அங்கேதான் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள்.

டெல்லியிலிருந்து ஒரே நாளில் ஆக்ரா போய்த் திரும்ப முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

தாராளமாக. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று தாஜ்மகால் மூடியிருக்கும். ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் காலை எட்டு மணியைத் தாண்டிக் கிளம்பி சுமார் 100 நிமிடத்தில் ஆக்ரா கண்டோன்மென்ட் சேர்ந்துவிடும். சாயங்காலம் அதே ரயிலில் திரும்பலாம். அதற்கும் வெள்ளிக்கிழமை ஓய்வு.

சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் பலருக்கும் தோன்றாத ஒரு வழி உண்டு. டெல்லியை முடித்துவிட்டுக் கடைசி நாள் காலையில் மூட்டை முடிச்சோடு ஆக்ரா போய்விடுங்கள். திரும்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை முன்பதிவின்போதே ஆக்ரா கண்டோன்மென்டிலிருந்து எடுத்துவிடுங்கள். டெல்லியில் இரவு கிளம்பும் அந்த ரயில் ஆக்ராவில் நிற்கும். ஸ்டேஷன் கிளோக் ரூமில் பெட்டிகளைப் போட்டுவிட்டுக் கைவீசிக்கொண்டு சுற்றலாம். மறுபடி டெல்லிக்குத் திரும்பும் அலைச்சல் மிச்சம்.

தாஜ்மகால் டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். சாதாரண டிக்கெட்டில் தோட்டம் வரைதான். கல்லறை மேடைக்கு ஏறத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சாப்பாடு உள்ளே எடுத்துப்போக விடமாட்டார்கள், தண்ணீர் பரவாயில்லை. ஆக்ரா கோட்டையையும் அன்றே சேர்த்துக்கொள்ளுங்கள். ஷாஜகானை அவர் மகன் ஔரங்கசீப் சிறை வைத்தது அங்கேதான். அங்கிருந்து யமுனைக்கு அக்கரைபோலத் தெரியும் வளைவில் தாஜ்மகாலைப் பார்க்கும்போது அந்தக் கதை மனத்தில் தைக்கும். ஃபதேபூர் சிக்ரியையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

புது டெல்லி ஸ்டேஷனில் ஏமாற்றுவார்கள் என்று பயமுறுத்துகிறார்களே?
– வாசகி, தஞ்சாவூர்

பயப்பட வேண்டாம், ஆனால் மூன்று வசனங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். “உங்கள் டிக்கெட் கேன்சல் ஆகிவிட்டது, ஆபீஸுக்கு வாருங்கள்.” “அந்த ஓட்டல் மூடியாயிற்று.” “இன்றைக்கு அந்தப் பக்கம் ரோடு அடைப்பு.” இவற்றில் எது காதில் விழுந்தாலும் பதில் சொல்லாமல் நடையைக் கட்டுங்கள். டிக்கெட் நிலவரத்தை உங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஸ்டேஷனின் அஜ்மேரி கேட் பக்கம் வெளியே வந்தால் மெட்ரோ இருக்கிறது. மெட்ரோவில் ஒரு பெட்டி பெண்களுக்கே ஒதுக்கியது. பெண்கள் மட்டும் போகிறவர்கள் அதிலேயே ஏறிக்கொள்ளுங்கள்.

குடியரசுத் தலைவர் மாளிகையை உள்ளே போய்ப் பார்க்கலாமா?
– வாசகர், வேலூர்

பார்க்கலாம். மாளிகையின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், அடையாள அட்டை கட்டாயம். அம்ரித் உத்யான் தோட்டத்தைப் பார்க்க விரும்பினால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வையுங்கள்.

அம்மா கோயில் பார்க்காமல் இருக்க மாட்டார். அவருக்காக எங்கே போகலாம்?
– வாசகி, காரைக்குடி

ஆர்.கே.புரத்தில் குன்றின்மேல் இருக்கும் உத்தர சுவாமிமலை. டெல்லிக்காரர்களிடம் மலை மந்திர் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். வசந்த் விஹார் மெட்ரோவில் இறங்கலாம். முருகனுக்கு முன்னால் தமிழ்ப் பேச்சு காதில் விழும்போது அம்மாவின் முகம் மலர்ந்துவிடும்.

கன்னாட் பிளேஸ் பக்கம் இருக்கும் பங்களா சாஹிப் குருத்வாராவுக்கும் கூட்டிப் போங்கள். தலையை மூடிக்கொள்ள வேண்டும். துணி அங்கேயே தருவார்கள். லங்கர் என்ற பொது உணவுக்கூடத்தில் யார் வந்தாலும் தரையில் வரிசையாக உட்காரவைத்து ரொட்டியும் பருப்பும் பரிமாறுகிறார்கள். காசு கிடையாது. ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். முடிந்தால் சாப்பிட்டபின் அடுப்படிக்குப் போய் ரொட்டி உருட்டும் வேலையில் கொஞ்ச நேரம் சேர்ந்துகொள்ளலாம். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.