பிராண்டோ அழுதது நடிப்பா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோவைப் பற்றிய ‘லிசன் டு மீ மார்லன்’ ஆவணப்படத்தைப் பார்க்கச் சொல்லி நண்பர் நச்சரிக்கிறார். கிட்டத்தட்ட முழுப் படமும் அவர் குரல்தானாம். தூக்கம் வராதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல், பாதியில் நிறுத்திவிடலாம் என்ற நினைப்பில்தான் போட்டேன். நிறுத்த முடியவில்லை.

நடிகர்களைப் பற்றிய ஆவணப்படம் என்றால் என்ன வரும் என்று நமக்குத் தெரியும். வயதான சக நடிகர் ஒருவர் சோபாவில் உட்கார்ந்து ‘அவர் மாதிரி இன்னொருத்தர் பிறக்கப் போவதில்லை’ என்பார், பின்னணியில் பியானோ அழும். 2015இல் ஸ்டீவன் ரைலி எடுத்த இந்தப் படத்தில் அந்த சோபாவே கிடையாது. பிராண்டோ தன் வாழ்நாளில் பதிவு செய்து வைத்த ஒலிநாடாக்கள் 200 மணி நேரத்துக்கும் மேல் இருந்தன, 2004இல் அவர் இறந்து பல வருடம் கழித்து அவற்றைக் கேட்டு, வெட்டி, ஒட்டி அவரையே கதை சொல்ல வைத்திருக்கிறார்கள். சில டேப்புகளில் மனிதர் தன்னைத்தானே ஹிப்னாடிசம் செய்துகொள்கிறார். சின்ன வயதில் ஒமாஹாவில் எல்லோரும் தூங்கும்போது எழுந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்திருப்பாயே, அந்தக் காலை நேரத்தை நினைத்துக்கொள் மார்லன் என்று தனக்கே தாலாட்டு மாதிரி சொல்கிறார். படத்தின் தலைப்பு இந்த டேப்புகளிலிருந்து வந்ததுதான்.

ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். 1955, ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ படத்துக்காக முதல் ஆஸ்கர் வாங்கிய கையோடு, பிரபல அமெரிக்கச் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோவின் தொலைக்காட்சிப் பேட்டி. பக்கத்தில் அப்பா நிற்கிறார். பையனைப் பற்றிப் பெருமையாக இருக்குமே என்று மர்ரோ கேட்க, நடிகனாக அவ்வளவு பெருமை இல்லை, மனிதனாகப் பெருமைதான் என்கிறார் அப்பா. மகன் சிரிக்கிறான், ஏதோ சமாளிக்கிறான். நல்ல குடும்பம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் இது குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பா, குடிக்கு அடிமையான அம்மா என்று இருந்த வீடு. அதை டேப்பில் கேட்டுவிட்டு அந்தச் சிரிப்பைத் திரும்பப் பாருங்கள். ஆஸ்கர் வாங்கித் தந்த படத்தில்கூட இவ்வளவு கஷ்டப்பட்டு நடித்திருப்பாரா என்று தெரியவில்லை.

கேள்வி: பிராண்டோ நடித்த ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ டாக்ஸி காட்சியை ஆஹா ஓஹோ என்கிறார்கள். பார்த்தேன். இரண்டு பேர் காரில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவ்வளவுதானே?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

அவ்வளவேதான்! அது ஓடுகிற கார்கூட இல்லை, ஸ்டுடியோவில் வைத்து ஆட்கள் ஆட்டிவிட்ட பாதி கார். பின்னால் தெரு ஓடுவதைக் காட்ட வசதி செய்து தராததால் பின் கண்ணாடியைப் பலகைத் திரையால் மறைத்துவிட்டார்கள்.

அதில் அண்ணனாக வரும் ராட் ஸ்டைகர் துப்பாக்கியை நீட்டும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். வேறு நடிகராக இருந்தால் மிரண்டிருப்பார், இல்லை கையைப் பிடித்து முறுக்கியிருப்பார். பிராண்டோ, குழந்தை கையில் இருக்கும் கத்தியை ஒதுக்குவது போல மெதுவாக ஒதுக்குகிறார். முகத்தில் பயம் இல்லை, அண்ணன் இந்த அளவுக்கு வந்துவிட்டானே என்கிற வருத்தம்தான்.

ஆனால் அவருக்கு இதில் பெருமை கிடையாது. அந்தக் காட்சியில் அவர் புலம்புகிற, நானும் பெரிய ஆளாக வந்திருக்கலாம் என்கிற ஏக்கம் எல்லோருக்கும் உண்டு, அதனால் பார்க்கிறவர்களே பாதியை நடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கணக்கு. ஆவணப்படத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: படம் பார்க்கிறவர் பாப்கார்னை எடுத்த கை வாய்க்குப் போகாமல் நடுவில் நிற்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்து நடிப்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

கேள்வி: வசனத்தை மனப்பாடமே செய்யமாட்டாராமே?
– ஒரு வாசகர், ஈரோடு

மாட்டார். ‘காட்ஃபாதர்’ படப்பிடிப்பில் உடன் நடித்த ராபர்ட் டுவால் பிராண்டோவின் வசன அட்டையைத் தன் நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்கும் புகைப்படமே இருக்கிறது. சம்பளக் கணக்கு மட்டும் மறக்காது. ‘சூப்பர்மேன்’ படத்தில் கொஞ்ச நேரம் வந்துபோனதற்கு 37 லட்சம் டாலர், அது போக வசூலில் பங்கு.

கேள்வி: ஆவணப்படத்தில் குறையே இல்லையா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

இருக்கிறது, பெரிய குறை. ஒரே ஆள் பேசினால் ஒரே ஆளின் நியாயம்தான் கேட்கும். 1972இல் வந்த ‘லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்’ படத்தின் பலாத்காரக் காட்சியில் என்ன நடக்கப் போகிறது என்று, அப்போது 19 வயதான மரியா ஷ்னைடரிடம் முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை. அவமானப்படுத்தப்பட்டதாக உணர்ந்தேன் என்று பின்னாளில் அவர் பேட்டி கொடுத்தார். முதலிலேயே சொல்லவில்லை என்பதை இயக்குநர் பெர்த்தலூச்சியும் ஒப்புக்கொண்டார். ஆவணப்படத்தில் பிராண்டோ வருத்தப்படுவதெல்லாம் இயக்குநர் தன் அந்தரங்கத்தைத் தோண்டி எடுத்துவிட்டாரே என்று. அந்தப் பெண்ணின் தரப்பைக் கேட்க இந்தப் படத்தின் அமைப்பிலேயே இடமில்லை.

கேள்வி: மகன் வழக்கில் அவர் கோர்ட்டில் அழுததும் நடிப்புதான் என்கிறார்களே?
– ஒரு வாசகர், மதுரை

அப்போதே அமெரிக்காவில் கேட்ட கேள்விதான். 1990 மே மாதம் மகன் கிறிஸ்டியன், பிராண்டோவின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த தங்கையான செயனின் காதலரை அப்பாவின் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார். அடுத்த வருடம் தண்டனை விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏறிய பிராண்டோ, ஒரு தந்தையாக நான் தோற்றிருக்கலாம் என்று சொல்லி உடைந்துபோனார். கிறிஸ்டியனுக்குப் பத்து வருடம் கிடைத்தது. 1995இல் செயன் தற்கொலை செய்துகொண்டார்.

நடிப்பு என்று சொல்பவர்கள், ஆவணப்படத்தில் கிறிஸ்டியனைப் பற்றி அவர் பேசும் டேப்பையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். மகன் பிறந்தபோது ஒரு முடிவு எடுத்தாராம்: என் அப்பா எனக்குச் செய்ததெல்லாம் போதும், இந்தக் குழந்தையின் பக்கத்திலேயே அவர் வரக்கூடாது. அதை அவர் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.