டிரக்கியாஸ்டமி குழாயுடன் வீடு திரும்பும் குழந்தை: மின்வெட்டுதான் பயமா?

சகோதரி, மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைத்த டிரக்கியாஸ்டமி குழாயுடன் மகனை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், ஊரில் அடிக்கடி மின்சாரம் போகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மின்சாரத்துக்கு வழி இருக்கிறது. அதற்கு முன் கைப்பழக்கம் வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு முழு இரவும் பகலும் வார்டில் எல்லாவற்றையும் நானே செய்கிறேன், நர்ஸ் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கட்டும் என்று கேளுங்கள். சளி உறிஞ்சவும் குழாய் மாற்றவும் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்தாக வேண்டும். பாட்டிதான் அந்த இன்னொருவர் என்றால் அவரையும் வார்டுக்கு அழைத்து வாருங்கள்.

குழந்தையைவிட்டு நகராத பை ஒன்று வேண்டும்: அதே அளவுக் குழாய், ஓர் அளவு சிறிய குழாய், கழுத்து நாடா, கத்தரிக்கோல், சளி உறிஞ்சும் குழாய்கள், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் அது கூடவே போகட்டும்.

சளி உறிஞ்ச, பேட்டரியில் ஓடும் சக்‌ஷன் கருவியாக வாங்குங்கள். காலால் மிதித்து இயக்கும் வகையும் உண்டு. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவியான கான்சன்ட்ரேட்டர் தந்தால் ஆக்சிஜன் சிலிண்டரும் தயாராக இருக்கட்டும். இன்வெர்ட்டரை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, இந்தக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் வெளியே கேட்காது. கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழைத்தால் பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வராது. குழாயின் அளவைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.